பட்டுப்பாதையா, படைப்பாதையா?

தமிழில் சீன நாட்டின் பெயரை ஒட்டி வழங்கும் சொற்கள் சில உண்டு. சீனப்பட்டு ஒன்று. சாயப் பட்டறையிலும் முடிதிருத்தகத்திலும் காணப்படும் சீனாக்காரம் ஒன்று. காலையில் காப்பியில் இட்டுக் கலக்கும் சீனியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நான்காவதாக நிற்பது சீனவெடி. உடுத்த ஒன்று, சாயம் பிடிக்க ஒன்று, நாவுக்கு ஒன்று, வெடிக்க ஒன்று! ஒரே மூட்டையில் வந்து இறங்கியவைபோல இந்த நான்கு சொற்களும் நம் மொழிக்குள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஆனால் பண்டைய வாணிகத்தைப் பற்றிப் பேச எழுந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையிலிருந்து வெடியை மட்டும் மெல்ல எடுத்து ஒளித்துவிட்டு, பட்டையும் சீனியையும் கடை விரிக்கிறோம்.

"பண்டைய வாணிகம் நாடுகளை அன்பால் பிணைத்தது" என்று பேச்சுப் போட்டி மேடையில் முழங்காதவர் நம்மில் எவர்? நடுவர்கள் தலையசைப்பர், கைதட்டலும் எழும். பட்டுப்பாதை என்றதுமே நம் கண்முன் வருவது நாட்காட்டிப் படம் போன்ற ஒரு காட்சிதான். மணல் மேடு, மாலைச் சூரியன், வரிசையாகச் செல்லும் ஒட்டகங்கள், கழுத்து மணியோசை. தோழியரே, அப்படம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பாதிப் படம். மறு பாதியில் குதிரைப்படையும், சிறைப்பட்ட நெசவாளரும், முன்பின் கண்டிராத கிழவனுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட இளவரசியும் இருக்கின்றனர். அவர்களையும் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் கேட்பது.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாதையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்தவர் எவரும் அதைப் "பட்டுப்பாதை" என்று அழைத்ததில்லை. 1877-ஆம் ஆண்டில் ரிக்ட்ஹோபன் என்ற ஜெர்மானிய நிலவியல் அறிஞர் அப்பெயரைப் பரப்பினார். அது ஒரே பாதையும் அன்று. இன்று சியான் எனப்படும் சாங்கான் நகரில் தொடங்கி, தக்லமக்கான் பாலைவனத்தின் வடக்கு விளிம்பிலும் தெற்கு விளிம்பிலுமாக இரண்டாகப் பிரிந்து, காஷ்கரில் சேர்ந்து, பாமீர் மலைகளைக் கடந்து, சமர்கண்டு, மெர்வ் வழியாக ஈரானுக்கும் சிரியாவுக்கும் சென்ற பல கிளைகளின் தொகுதி அது. முழுத் தொலைவையும் ஒருவரே நடப்பது அரிது. ஓர் ஊர்ச் சாத்து அடுத்த ஊர்வரை கொண்டுசென்று விற்கும். அங்கிருந்து வேறொரு சாத்து எடுத்துச் செல்லும். சீனத்தில் நெய்த துணி உரோமாபுரிப் பெண்ணின் தோளை அடைவதற்குள் எத்தனை கை மாறியிருக்குமோ! ரிக்ட்ஹோபன் "குதிரைப்பாதை" என்று பெயரிட்டிருந்தால் அதுவும் பொருந்தியிருக்கும். "காகிதப்பாதை" என்றாலும் தவறில்லை. பட்டு என்று சொன்னதால்தான் நமக்கு எல்லாமே வழவழப்பாகத் தோன்றுகிறது.

அந்தப் பாதையைத் "திறந்தவர்" என்று பாடநூல்கள் போற்றும் சாங் சியென் வணிகர் அல்லர், அரசனின் தூதர். அவர் கி.மு. 138-இல் புறப்பட்டது பண்டம் விற்பதற்கும் அன்று. சீனத்தின் வடக்கெல்லையைத் தாக்கிவந்த சியோங்நு என்ற நாடோடி வீரரை முறியடிக்க, அவர்களால் விரட்டப்பட்ட யூச்சி மக்களைத் துணைக்கு அழைக்க ஹான் பேரரசர் வூ அவரை அனுப்பினார். போர்க் கூட்டணி தேடிய பயணம் அது. போகும் வழியிலேயே சியோங்நு கையில் பிடிபட்டுப் பத்தாண்டு கழித்தார். தப்பிச் சென்று யூச்சி மக்களைக் கண்டபோது அவர்கள் புதிய நாட்டில் வளமாக வாழ்ந்துகொண்டிருந்தனர். பழைய பகைக்காகப் போரிட விரும்பவில்லை. (இவர்களின் வழிவந்தோரே நாம் பாடத்தில் படிக்கும் குஷாணர்; கனிஷ்கரின் முன்னோர்.) பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் ஊர் திரும்பியபோது, நூற்றுக்கு மேற்பட்டவராய்ப் புறப்பட்ட கூட்டத்தில் உடன் வந்தவர் கான்பு என்ற வழிகாட்டி ஒருவரே. சிறையிருந்த நாட்டில் மணந்த மனைவியும் கூட வந்தாள். அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

அவர் அரசரிடம் சொன்ன செய்திகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பாக்திரியா நாட்டுச் சந்தையில், சீனத்தின் தென்மேற்கு மாநிலத்துத் துணியும் மூங்கிலும் விற்பதை அவர் கண்டாராம். எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, இந்தியாவில் வாங்கி வந்தோம் என்றனர் வணிகர். அரசனின் தூதர் உயிரைக் கொடுத்துத் திறந்த வழிக்கு முன்பே, பெயர் தெரியாத வணிகர் வேறொரு வழியைச் சத்தமின்றித் திறந்து வைத்திருந்தனர்! ஆகவே வாணிகத்துக்கு நான் பகைவி அல்லள்.

சாங் சியென் இன்னொரு செய்தியும் சொன்னார். பர்கானா நாட்டில் சிறந்த குதிரைகள் உள்ளன என்பதே அது. சியோங்நு குதிரைப்படையை எதிர்க்கக் குதிரை வேண்டும். நல்ல குதிரையோ சீனத்தில் வளர்வதில்லை. வூ பேரரசர் பொன்னும் பொன்னாலான குதிரை உருவமும் கொடுத்து அனுப்பி விலை கேட்டார். பர்கானா மறுத்தது; தூதரும் கொல்லப்பட்டனர். விலைக்குக் கிடைக்காததைப் படை அனுப்பிப் பறிப்பது என்று முடிவாயிற்று. கி.மு. 104-இல் சென்ற முதல் படை பாலைவனத்தில் பசியால் நலிந்து திரும்பியது. இரண்டாம் முறை 60,000 வீரர்களும் 1,00,000 எருதுகளும் சென்றனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதியுள்ளார். கிடைத்தவை எத்தனை? மிக உயர்ந்த குதிரைகள் சில பத்து. நடுத்தரக் குதிரைகள் 3,000. எல்லை வாயிலுக்குள் உயிரோடு திரும்பிய வீரர் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். கணக்குப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கியவர்களும் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்கலாம்.

அந்தக் குதிரைகள் தின்பதற்காக மேற்கிலிருந்து ஒரு பசுந்தீவனத்தின் விதையும் சீனத்துக்கு வந்தது. திராட்சை விதையும் அதனோடு வந்து சேர்ந்தது. அந்தத் தீவனத்தை நம் ஊர் உழவர்களும் அறிவர். குதிரைமசால் என்பது அதன் பெயர். கால்நடைப் பண்ணைகளில் பச்சைப்பசேலென்று நிற்கும் அச்செடிக்குப் பின்னால் ஒரு பெரும் போர் இருக்கிறது என்று அதைப் பார்த்தால் தோன்றுமா?

இனிப் பட்டுக்கு வருவோம். பெண்கள் பள்ளி இதழில் பட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பிழையாகும்! பட்டு சீனத்திலிருந்து எப்படி வெளியேறியது? வணிகர் வாங்கிச் சென்றனர் என்போம். அதுவும் உண்மையே. ஆனால் பெருமளவு பட்டு வேறு இரு வழிகளில் சென்றது. ஒன்று, "எங்களைத் தாக்காதீர்" என்று நாடோடி அரசர்களுக்கு ஹான் அரசு ஆண்டுதோறும் அனுப்பிய பரிசு. மற்றொன்று, படைவீரர்க்குக் கூலி.

இந்தக் கூலி முறை சற்று விளக்கத்துக்குரியது. பிற்காலத்தில், கி.பி. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில், தாங் அரசு மேற்கெல்லைப் பாலைவன ஊர்களில் காவற்படைகளை நிறுத்தியது. அவர்களுக்குச் சம்பளம் எப்படி அனுப்புவது? செப்புக்காசு கனம் மிகுந்தது. நெடுவழியில் சுமக்க முடியாது. தானியம் வழியிலேயே புழுக்கும். பட்டுத் துணியோ கனமற்றது, எளிதில் கெடாது, ஒரே அளவில் நெய்து சுருட்டினால் காசுபோல எண்ணிக் கொடுக்கலாம். எனவே வரியாகப் பெற்ற பட்டுச் சுருள்கள் ஆயிரக்கணக்கில் எல்லைக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. வீரன் அதைக் கொண்டு கடைத்தெருவில் மாவும் இறைச்சியும் வாங்கினான்; கடைக்காரன் அதை மேற்கே செல்லும் வணிகனிடம் மாற்றினான். கடைத்தெரு களைகட்டியது. 755-இல் சீனத்துக்குள் அன் லூஷான் என்ற தளபதியின் கலகம் மூண்டு, எல்லைப் படைகள் திரும்ப அழைக்கப்பட்டு, சம்பளப் பட்டு நின்றதும் அந்தக் கடைத்தெருக்கள் வாடிவிட்டன. பட்டுப்பாதையின் பொற்காலம் என்று நாம் புகழும் காலத்தில், அந்தப் பாதையின் அடுப்பை எரியவைத்தது பெரிதும் படைச் செலவே என்று எண்ணுகிறேன். அக்கலகத்தை அடக்க உதவிய உய்குர் மக்கள் அதன்பின் தங்கள் குதிரைகளைச் சீனத்துக்கு விற்றபோது கேட்ட விலை, குதிரை ஒன்றுக்கு 40 பட்டுச் சுருள். ஒரு குதிரையின் முதுகில் எத்தனை வீட்டுப் பெண்களின் தறி வேலை ஏறியிருந்தது!

பட்டின் இரகசியம் வெளியேறிய கதைகளும் சுவையானவை. கோத்தான் நாட்டு அரசனுக்கு மணமுடிக்கப்பட்ட கீழ்நாட்டு இளவரசி ஒருத்தி, பட்டுப்புழு முட்டைகளைத் தன் தலையணிக்குள் ஒளித்துச் சென்றாள் என்று யுவான் சுவாங் எழுதியுள்ளார். எல்லைக் காவலர் யாவற்றையும் சோதித்தனராம். இளவரசியின் தலையைத் தொடத் துணியவில்லையாம். அந்தத் தலையணியை விரல் நீட்டிக் காட்டும் பணிப்பெண்ணின் ஓவியம் தீட்டிய மரப்பலகை ஒன்று பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. மேற்கே, ஏறத்தாழ 552-இல், துறவியர் சிலர் ஜஸ்டினியன் பேரரசருக்காகப் பட்டுப்புழு முட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். அவர் ஏன் அதற்கு அவ்வளவு ஆவல் கொண்டார்? பட்டு பாரசீகத்தின் வழியாகவே வந்தது. பாரசீகமோ பகை நாடு. பகைவனுக்குப் பொன் கொடுத்துப் பட்டு உடுத்த அவருக்கு மனமில்லை. (அந்தத் துறவியர் எந்தச் சபையினர் என்று எங்கள் அருட்சகோதரியர் என்னைக் கேட்க வேண்டாம். வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொல்லாமல் விட்டுவிட்டார்!)

பட்டும் குதிரையும் போலவே பெண்களும் அந்தப் பாதையில் அனுப்பப்பட்டனர் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு இக்கட்டுரை எழுதும் எண்ணம் வந்தது. சியோங்நுவுக்கு எதிராக ஊசுன் என்ற குதிரை வளர்க்கும் மக்களின் துணை ஹான் அரசுக்குத் தேவைப்பட்டது. ஊசுன் அரசர் ஆயிரம் குதிரைகளை மணக்கொடையாக அனுப்பினார். அதற்கு ஈடாகச் சென்றவள் சீசுன் என்ற இளவரசி. கி.மு. 105-ஐ ஒட்டிய காலம். அவள் தந்தை அரச குற்றத்துக்கு ஆளாகி உயிர் மாய்த்துக்கொண்டவர். கேட்பதற்கு ஆளில்லாத பெண். மணமகனோ முதியவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை விருந்தில் சந்திப்பதோடு சரி. பின்னர் அம்முதியவர், தம் நாட்டு வழக்கப்படி, அவளைத் தம் பேரனுக்கு மணமுடிக்க முற்பட்டார். அவள் கூசி நடுங்கிப் பேரரசருக்கு முறையிட்டாள். வந்த பதில் என்ன தெரியுமா? அந்நாட்டு வழக்கப்படி நடந்துகொள். நமக்கு ஊசுன் நட்பு வேண்டும். சில ஆண்டுகளிலேயே அவள் இறந்துபோனாள். அவள் இடத்துக்கு அடுத்த இளவரசி அனுப்பப்பட்டாள்.

அந்த அடுத்தவளின் பெயர் சியேயூ. அவள் வேறுவகைப் பெண். ஐம்பது ஆண்டு அங்கேயே வாழ்ந்து, அரசியலில் கையோங்கி, எழுபது வயதளவில், கி.மு. 51-இல், தாய்நாட்டு மண்ணில் உடல் சேரவேண்டும் என்று கேட்டுத் திரும்பி வந்தாள். அவளோடு சென்ற பணிப்பெண் பெங் லியாவ் அவளையும் விஞ்சியவள். நூல் கற்றவள், நாட்டு நடப்பு அறிந்தவள். ஊசுன் தளபதி ஒருவரை மணந்து, பாலைவன நகரங்களுக்குத் தூது சென்று, அரியணைப் பூசல் ஒன்றைப் போரின்றித் தீர்த்தாள். இறுதியில் பேரரசரே அவளை அழைத்துக் கேட்டறிந்து, அரசு முத்திரையுடன் தூதராக அனுப்பினார். "நாங்கள் பெண்கள்தானே" என்று ஒதுங்கும் தோழியர் அவள் பெயரையேனும் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் ஒன்று சொல்வேன். பெங் லியாவின் வெற்றியைக் காட்டி சீசுனின் கண்ணீரைத் துடைத்துவிட முடியாது. ஒருத்தி சமாளித்தாள் என்பதற்காக அனுப்பியது சரியாகிவிடுமா?

"இருக்கட்டும், காகிதம்? அதுவும் அந்தப் பாதையில் வந்ததுதானே?" என்று எவரேனும் கேட்பர். ஆம், காகிதம் வந்தது. அதைப்பற்றி ஒரு கதையும் உண்டு. 751-இல் தலாஸ் ஆற்றங்கரையில் சீனப்படையும் அரபுப் படையும் மோதின; சிறைப்பட்ட சீனர் சமர்கண்டில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தனர் என்பது அக்கதை. என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? ஆனால் அதை நான் பயன்படுத்தப் போவதில்லை. சமர்கண்டைத் தாயகமாகக் கொண்ட சோக்திய வணிகர் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர், அக்கடிதங்கள் கிடைத்துள்ளன. காகிதத்தைப் பரப்பியதில் சிறைக்கைதியைவிட வணிகனின் பைக்கே பெரும்பங்கு. இது எனக்கு எதிரான சாட்சி. ஆனாலும் மறைக்க மாட்டேன். அதே தலாஸ் போரில் சிறைப்பட்ட தூ ஹுவான் என்பவர் 762-இல் கடல்வழியாகத் தாய்நாடு திரும்பி, அரபு நகரில் சீன நெசவாளரையும் ஓவியரையும் கண்டதாக எழுதினார் என்பதை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்.

போர்க்கருவிகளின் பயணம் இன்னும் தெளிவானது. குதிரையேறுபவர் கால் ஊன்றும் அங்கவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 302-ஆம் ஆண்டுச் சீனக் கல்லறை ஒன்றின் மண்பொம்மைக் குதிரைக்கு ஒரு பக்கம் மட்டும் அங்கவடி உண்டு. ஏறுவதற்கு மட்டும் போலும். அடுத்த நூற்றாண்டில் இரு பக்கமும் வந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவார் என்ற நாடோடி வீரர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். காலுக்குப் பிடிப்புக் கிடைத்தால் கைக்கு வலிமை கிடைக்கும்; விழாமல் வெட்டலாம், குத்தலாம். கோட்டையைத் தகர்க்கும் கல்லெறி பொறியோ இருவழியும் பயணம் செய்தது. பலர் கூடிக் கயிற்றை இழுத்து எறியும் பொறி கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. மேற்கே அதற்கு எடைக்கல் கட்டித் திருத்தினார்கள். குப்ளாய்கான் சீனத்தின் சியாங்யாங் நகரை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாதபோது, ஈரானிலிருந்து இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற பொறியாளர் இருவர் வரவழைக்கப்பட்டு அந்தப் பெரும்பொறியை நிறுவினர். 1273-இல் நகரம் பணிந்தது. தாங்களே அதைச் செய்ததாக மார்க்கோ போலோவின் நூல் பெருமையடிக்கிறது. அவர் சீனத்தை அடைந்ததோ 1275-ஐ ஒட்டி!

வெடிமருந்து என்ற நம் சொல்லில் "மருந்து" இருப்பதைக் கவனித்ததுண்டா? சீன மொழியிலும் அதற்குத் "தீ மருந்து" என்றே பெயர். சாகாமைக்கு மருந்து தேடி உப்புகளைக் கலந்து காய்ச்சியவர்களின் அடுப்பில் பிறந்தது அது. 1044-இல் எழுதப்பட்ட சீனப் போர்நூலில் அதன் சேர்மானங்கள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் அரபு நாடுகளும் ஐரோப்பாவும் அதை அறிந்தன. 1526-இல் பானிபட்டில் பீரங்கி முழங்கி தில்லியைப் பிடித்த பாபர் எந்த ஊர்க்காரர்? பர்கானா! குதிரைக்காகப் படையெடுக்கப்பட்ட அதே நாட்டிலிருந்து வந்தவர்.

வாணிகமே போருக்கு வித்தான நிகழ்ச்சியும் உண்டு. 1218-இல் செங்கிஸ்கான் அனுப்பிய ஏறத்தாழ 450 பேர் கொண்ட வணிகச் சாத்து ஓத்ரார் நகரை அடைந்தது. இவர்கள் ஒற்றர்கள் என்று சொல்லி நகரத் தலைவன் அவர்களைக் கொன்று பண்டங்களைக் கைப்பற்றினான். ஒட்டகக்காரன் ஒருவன் தப்பிச் சென்று செய்தி சொன்னான் என்பர். ஒற்றர்களா, வணிகர்களா? இரண்டுமாக இருந்திருக்கலாம், அக்காலத்தில் இரண்டையும் ஒருவரே செய்வது வழக்கந்தான். மறு ஆண்டே மங்கோலியப் படை கிளம்பிற்று. 1220-இல் புகாராவும் சமர்கண்டும் வீழ்ந்தன. நெசவாளர், கொல்லர், தச்சர் ஆகியோர் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டுக் கிழக்கே ஓட்டிச் செல்லப்பட்டனர். இவ்வாறுதான் "தொழில்நுட்பம் பரவியது". எவ்வளவு மென்மையான தொடர்! காற்றில் பூமணம் பரவியதுபோல் இருக்கிறது.

நம் திருச்சபை வரலாறும் இப்பாதையைத் தொட்டுச் செல்கிறது. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த மோந்தேகோர்வினோ அருளப்பர் சீனம் செல்லும் வழியில், 1291-ஐ ஒட்டி, இந்தியாவில் புனித தோமையார் கோவிலருகே பதின்மூன்று மாதம் தங்கினார். அது நம் மயிலாப்பூரே என்பர். உடன் வந்த துறவி இங்கேயே இறந்தார். பின்னர்ச் சீனத்திலிருந்து அவர் எழுதிய 1305-ஆம் ஆண்டுக் கடிதத்தில், போர்களால் தரைவழி அடைபட்டுப் பன்னிரண்டு ஆண்டாக உரோமையிலிருந்து செய்தியே இல்லை என்று வருந்துகிறார். இன்னொரு செய்தி இதைவிடத் துயரமானது. இன்றைய கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே, கிறிஸ்தவ வணிகர் வாழ்ந்த ஊர்களின் கல்லறைகள் உள்ளன. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வழிபாட்டில் வழங்கிய அதே சிரிய மொழியில் கல்வெட்டுகள். 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏராளமான கல்லறைகள்; சிலவற்றில் "கொள்ளைநோய்" என்று காரணமும் பொறித்திருக்கிறது. 2022-இல் வெளியான ஆய்வு, அங்குப் புதைக்கப்பட்டோரின் பற்களில் பிளேக் கிருமியின் தடயத்தைக் கண்டது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவைச் சூறையாடிய பெருநோயின் தொடக்கத்துக்கு அருகில் அவர்கள் நின்றிருக்கின்றனர். ஒட்டகம் எதைச் சுமக்கிறோம் என்று கேட்பதில்லை.

நம்மவர் கை மட்டும் தூயது என்று எண்ணிவிடாதீர்கள். தென்னிந்தியாவில் மண்குகையில் இட்டு உருக்கிய எஃகு கடல் கடந்து மேற்காசியாவுக்குச் சென்று, புகழ்பெற்ற வாள்களாயிற்று. பாண்டிய அரசர்களோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை இறக்குமதி செய்தனர், உழவுக்காக அன்று.

"அப்படியானால் வாணிகமே கூடாது, வழிகளை அடைத்துவிடலாம் என்கிறாயா?" என்று என் தந்தையார் கேட்டார். இல்லை. வழி அடைபட்டபோது போர் நின்றுவிடவில்லை, கடிதந்தான் நின்றது. என் வழக்கு வேறு. போரையும் வாணிகத்தையும் நம் பாடநூல்கள் தனித்தனிப் பாடங்களாக வைக்கின்றன. போர் என்றால் ஆண்டும் அரசனும்; வாணிகம் என்றால் பண்டங்களின் பட்டியல். இரண்டும் ஒரே ஒட்டகத்தின் இரு பக்கச் சுமை என்பது அங்கே மறைந்துபோகிறது. சுமையை இழுத்த மக்களும் மறைந்துபோகின்றனர். சாங் சியென் பெயரைப் படிக்கும் இடத்தில் இன்னொரு பெயரையும் படிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மிவ்னாய் என்பது அப்பெயர்.

1907-இல் ஆரல் ஸ்டைன் என்ற ஆய்வாளர், சீனத்தின் துன்குவாங் நகருக்கு மேற்கே பாழடைந்த காவற்கோபுரம் ஒன்றில் மடித்த கடிதங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். எல்லாம் சோக்திய மொழியில், காகிதத்தில். கி.பி. 313-ஐ ஒட்டியவை என்று அறிஞர் கணித்துள்ளனர். சமர்கண்டுக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்று பட்டுறையில் இருந்தது. வணிகர் ஒருவர் எழுதியது. தலைநகர் லோயாங் எரிந்தது, பேரரசர் ஓடிவிட்டார், பஞ்சம், நம்மவர் பலர் மாண்டனர் என்று சொல்லிக்கொண்டே வந்து, அனுப்பிய கஸ்தூரிக்கும் அநாதைச் சிறுவன் ஒருவனுடைய பணத்துக்கும் கணக்குச் சொல்கிறார். போரும் கணக்கும் ஒரே தாளில்!

மிவ்னாயின் கடிதங்கள் இரண்டு. கணவன் சொல் கேட்டு, தாயும் உடன்பிறந்தாரும் தடுத்ததை மீறி, துன்குவாங் வந்தவள் அவள். கணவன் வாணிகத்துக்குச் சென்றவன் திரும்பவில்லை. மூன்று ஆண்டுகள். கையில் காசில்லை. உறவினன் ஒருவனிடம் போனாள், ஊர்ப் பெரியவரிடம் போனாள், கணவனின் கூட்டாளியிடம் போனாள். ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டினர். கோவில் பூசாரி ஒருவர் மட்டும், புறப்படுவதாயின் ஒட்டகம் தருகிறேன், துணைக்கு ஆளும் வேண்டும் என்றார். தாய்க்கு எழுதிய கடிதத்தில் இவ்வளவும் உள்ளன. கணவனுக்கு எழுதியதில் அவள் சினம் கொதிக்கிறது. உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் எழுதிவிட்டாள். அதன் ஓரத்தில் மகள் ஷைன் சில வரி சேர்த்திருக்கிறாள். தந்தையின் கூட்டாளி கடனை வைத்துவிட்டு ஓடிவிட்டான். அதனால் நானும் அம்மாவும் சீனர் வீட்டில் வேலைக்காரிகளாகிவிட்டோம் என்கிறாள். ஷைனுக்கு வயது என்ன என்று தெரியவில்லை. எழுதத் தெரிந்த வயது.

அந்த அஞ்சல் பை போய்ச் சேரவில்லை. வழியில் எவர் பறித்தனரோ, எவர் தவறவிட்டனரோ, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் அது கோபுரத்தின் குப்பைக்குள் கிடந்தது. தாய்க்கு எழுதியதும் கணவனுக்கு எழுதியதும் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்றாக இருக்கின்றன. மடித்த மடிப்பின் தடம் தாளில் இன்னும் தெரிகிறது.